நடக்காதவர் பங்கு

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் மகள் நேற்றுக் காலை கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, குப்பைத் தொட்டி அருகே, ஒரு காட்டுப்பன்றி நான்கு குட்டிகளோடு நிற்கிறது. "அம்மா, இன்னைக்கு வராதீங்க. கீழ பன்னி நிக்குதுலா" என்று குரல்பதிவு வேறு. நான் தீவின் மறுபக்கம், செங்காங்கில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயம் வரவில்லை. பின்தொடையில் கொழுப்பு எவ்வளவு தேறும் என்றுதான் கண் போயிற்று.

இந்தக் கண் பிறவியிலேயே வந்ததல்ல. நான் சிராங்கூன் ரோட்டுக்காரி. கறி என்றால் தேக்கா சந்தையில் கொக்கியில் தொங்கும், கை காட்டினால் வெட்டித் தருவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில், காட்டோரக் கிராமம் அது, ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டுக்கு வந்த பிறகுதான், கறிக்கு நான்கு காலும் ஓட்டமும் உண்டு என்று தெரிந்தது.

மாமனாரும் அவர் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி வேட்டைக்குப் போனவர்கள். தம்பியை நான் சின்ன மாமா என்பேன். வீடு உட்லண்ட்ஸ் பக்கம், லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி அவருடையது. நான் வருவதற்கு முன்பே மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது, காட்டில் நடக்க முடியாது. ஆனால் பங்கு நிற்கவில்லை. பன்றி விழுந்தால் துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்களுக்கு ஒரு பங்கு, பன்றி மேய வரும் மரவள்ளித் தோட்டத்துச் சீனருக்கு ஒன்று, நடந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. அதற்கு மேல் ஒன்று, நடக்காத அண்ணனுக்கு.

நண்பகலில் அது ஒரு பிஸ்கட் டின்னில், கூட்டாளி ஒருவரின் சைக்கிளில் வரும். அதுவரை மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். ஒரு பக்கம்கூடத் திருப்பமாட்டார். டின்னைத் திறந்ததும், "ஓட விட்டு அடிச்சிருக்கான், கறி இறுகிக் கெடக்கு" என்று ஏதாவது குறை சொல்வார். அந்தக் குறையைச் சொன்னால்தான் அவரும் அன்றைக்கு வேட்டைக்குப் போய்வந்ததாக அர்த்தம். அத்தை மிளகும் செராய்ப் புல்லும் தட்டிப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறி, பாதியை அதே டின்னில் தம்பி வீட்டுக்கு அனுப்புவார். டின் காலியாகத் திரும்பியதே இல்லை.

நான் வந்த முதல் தை மாதம், என் கணவர் பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தார். ஒரு ஞாயிறு அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வந்தது. புது மருமகள், சுத்தபத்தத்தில் யாருக்கும் குறைந்தவளில்லை என்று காட்ட வேண்டாமா? "இந்த வீட்டுக்குக் கறி வேணாம்லா. எடுத்துட்டுப் போயிடுங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவுமில்லை. சரியானதைத்தானே செய்தேன் என்ற நினைப்பு.

விரதக் காலத்தில் வரும் பங்கை வீட்டுக்குள் கொண்டுவராமல், உப்பும் மஞ்சளும் தடவி, பின்கட்டு வெளியடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, பூசம் முடிந்து சமைப்பார்கள் என்பது எனக்கு யார் சொல்லித் தெரியும்?

அடுத்த ஞாயிறு டின் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பூசம் முடிந்தது. மூன்றாவது ஞாயிறு, வெயில் சாய்ந்ததும் மாமனாரே நாற்காலியை உள்ளே தூக்கி வைத்தார்.

"பன்னி கெடைக்கல போல" என்றார் அத்தை.

"கெடைச்சிருக்கும். நடக்காதவனுக்கு எதுக்குன்னு விட்டுட்டான்" என்றார் மாமனார்.

மறுநாள், அம்மாவைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, உட்லண்ட்ஸ் பஸ் ஏறினேன். சின்ன மாமா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சொல்லி அனுப்பிச்சாரா?"

"இல்ல சின்ன மாமா. கறிய திருப்பினது நான். மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. மூணு வாரமா வாசல்லயே உட்கார்ந்திருக்காங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அண்ணன்தான் வேணாம்னுட்டாருன்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அந்த ஞாயிறு அவரே சைக்கிளில் வந்தார். மாமனார் டின்னைத் திறந்தார்.

"தொடைய நீயே எடுத்துக்கிட்டியா?"

"அடியில இருக்கு பாருண்ணே."

"ம். ஓட விட்டுத்தான் அடிச்சிருக்க."

அடுப்படியில் நின்றிருந்த நான் மிளகைத் தட்ட ஆரம்பித்தேன். நான்தான் திருப்பினேன் என்று சின்ன மாமா யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

சில ஆண்டுகளில் மாமனார் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, வழக்கம்போல் டின் வந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அத்தை வாங்கி என் கையில் கொடுத்தார், அன்று நான்தான் சமைத்தேன். பிறகு துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்தார்கள், கம்பத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சின்ன மாமாவின் பிள்ளைகள் எந்த புளோக்கில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது யாராவது வந்து பங்கு என்று நீட்டினால், விரத நாளானாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். என் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவரும் பையன்கள் கதவைக்கூடத் தட்டுவதில்லை. வாசலில் வைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.