முந்திக்கொண்ட கை

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷபீனாவுக்கு வயது முப்பத்தைந்து. கிருத்திகை வந்துவிட்டால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மலைக்கு வருகிற கூட்டத்தில் எப்படியும் பத்துப் பேராவது போனைக் குளத்தில் விட்டுவிட்டு, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வேலையில் கை சுத்தம் என்று ஊருக்குத் தெரியும். அவள் வீடியோ கேம் ஆடுகிறவள், அதுவும் சண்டை விளையாட்டு ஆடுகிறவள் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

அந்தப் பழக்கம் ரிப்பேர் வேலை வழியாகத்தான் வந்தது. அவள் அப்பா சர்தார் அரக்கோணத்தில் லாரி மெக்கானிக். அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, அதே தெருவில் பஞ்சாட்சரம் என்பவர் கேம் சென்டர் நடத்திவந்தார். பையன்கள் தோற்ற கோபத்தில் தரையில் அடித்த கண்ட்ரோலர்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, சரியாகுமா பாரும்மா என்று சர்தார் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். அவள் திறந்து, துடைத்து, ஒயரைப் பற்றவைத்து, பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரை மாற்றுவாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. அதற்காகக் காலையில் கடை திறக்கும் முன்னால் போய் ஆடிப் பார்ப்பாள். முதலில் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. பிறகு அரை மணி ஆனது. கடைசியில், நல்லா இருக்கிற கண்ட்ரோலரை எல்லாம் எதுக்கும்மா செக் பண்ணினு இருக்கே என்று பஞ்சாட்சரமே கேட்கிற அளவுக்குப் போனது.

திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று அவள் கணவன் அனீஸ் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறான். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஒருத்தருக்குப் பயம் வந்தால் என்ன செய்வார், ஜெயிக்கிற நேரத்தில் அவசரப்படுவாரா, ஒரே தப்பை மூன்று முறை செய்வாரா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றாள். பத்து வருஷம் பழகினாலும் தெரியாதது இதில் தெரியும் என்றாள். அனீஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லவேளை எனக்கு ஆடத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் அவளிடம் இருந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய எல்.சி.டி. டி.வி. ஒன்றும், ஒரு கன்சோலும். கண்ட்ரோலரை அவளே செய்துகொண்டாள். ஓடாத டி.வி.டி. பிளேயரின் தகரக் கூட்டைக் காலிசெய்து, மேலே எட்டு பட்டனும் இடதுபக்கம் ஒரு லீவரும் பொருத்தி, உள்ளே போர்டையும் அவளே பற்றவைத்தாள். தினமும் கடை அடைத்து வந்து, சமையலை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் இண்டர்நெட்டில் ஆடுவாள்.

அப்படித்தான் பங்காரு பழக்கமானார். பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பும் மாவும் வைத்திருக்கும் விவசாயி. நாற்பத்தைந்து வயது. மகன் படிக்கப் போனபோது வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டரில் சும்மா ஆட ஆரம்பித்து, அதிலிருந்து மீளாதவர். ஹெட்போனில் குரல் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே வட்டாரப் பேச்சு என்று தெரிந்து, எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். ஆனாலும் மூன்று வருஷத்தில் நேரில் பார்த்ததில்லை. வாரத்துக்கு நான்கு நாள் ஆடுவார்கள். பெரும்பாலும் பங்காருதான் ஜெயிப்பார். அவரிடம் ஒரு உதை இருந்தது. குனிந்த நிலையிலிருந்து திடீரென்று எழும்பி வந்து தலையில் விழும். ஷபீனாவால் அதை ஒரு முறைகூடத் தடுக்க முடிந்ததில்லை. உதை விழுந்ததும் அவர், “இன்னாம்மா, தூங்கினு இருந்தீங்களா?” என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

போன வருஷம் சென்னையில் ஒரு பெரிய கேமிங் விழா நடந்தது. அதில் சண்டை விளையாட்டுப் போட்டியும் உண்டு என்று பங்காருதான் சொன்னார். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றுவார்கள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவரே அவள் பெயரையும் சேர்த்துவிட்டார். அனீஸ் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் தகரப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு விடிகாலை ரயில் ஏறினாள். மெட்ரோவில் பையைச் சோதிக்கும் இயந்திரம் அதை விடவில்லை. ஒயரும் பட்டனுமாகத் தெரிந்த பெட்டியைப் பார்த்து இரண்டு காவலர்கள் தனியாக அழைத்துப்போனார்கள். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து காட்டி, விளையாடுகிற சாமான் என்று விளக்கினாள். யார் விளையாட என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்றாள்.

அரங்குக்குள் போனதும் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டாள். பாட்டு, வெளிச்சம், வேஷம் போட்டுக்கொண்டு திரியும் பிள்ளைகள், மேடையில் வீடு அளவுக்குத் திரை. ஒரு பக்கம் முழுக்கச் சாமான் கடைகள். கலர் கலராக மின்னும் கீபோர்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, முன்பக்கம் பார்க்காமல் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். திறக்க ஸ்குரூ இருக்கிறதா, பசை போட்டு ஒட்டிவிட்டார்களா என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஒட்டிய சாமானைக் கண்டால் அவளுக்கு மரியாதை வராது. கெட்டுப்போனால் தூக்கிப் போடு என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள் என்பாள். விற்கிற பையன் விளக்கு எரிகிற விதங்களை எல்லாம் காட்டினான். பட்டன் எத்தனை லட்சம் முறை தாங்கும் என்று அவள் கேட்டாள். அவன் அட்டைப்பெட்டியைத் தேடப் போனான்.

பங்காருவைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாருடனோ தெலுங்கில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பார்த்ததும் இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிட்டது. மூன்று வருஷம் ஒருவரை ஒருவர் உதைத்தவர்கள், நேரில் பார்த்ததும் காப்பி சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவன் ஒரு கல்லூரிப் பையன். அவளைவிடப் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனாலும் அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. தடுக்கிற இடத்தில் எல்லாம் அடி வாங்கினாள். கை பழகிய தொடர் அடிகள் பாதியில் அறுந்தன. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வித்தைகூட வரவில்லை. மூன்று சுற்று கொண்ட ஆட்டத்தில் முதல் இரண்டையும் விட்டு, ஏழு நிமிடத்தில் தோற்று எழுந்தாள். பெட்டியில் ஏதாவது ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று ஒரு ஓரமாக உட்கார்ந்து திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சாமான்மேல் பழி இல்லை என்றால் மிச்சம் அவள்தானே.

அவள் பின்னால் நின்று பார்த்திருந்த பங்காரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பயத்தால இல்லம்மா நீங்க தோத்தது. எல்லாத்தையும் முன்னாடியே அழுத்துறீங்க. அவன் அடிக்கிறதுக்குள்ள உங்க கை போயிடுது.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் எழுந்து, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று போட்டிருந்த மேஜைக்குப் போனாள். போனை ஸ்லோ மோஷனில் வைத்து, பட்டனை அழுத்துகிற விரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்தாள். பிறகு அனீஸுக்குப் போன் போட்டு, கடையைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், அங்கே இருக்கிற சாதாரணக் கண்ட்ரோலரை வைத்து அதே மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அரை மணியில் வந்தது. இரண்டையும் படம் படமாக நிறுத்தி எண்ணிப் பார்த்தாள். இங்கே அழுத்தியதும் திரையில் கை எழுந்தது. வீட்டு டி.வி.யில், அழுத்தின பிறகு ஏறக்குறைய ஒரு கண்சிமிட்டல் நேரம் கழித்துத்தான் எழுந்தது. படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று டி.வி. உள்ளுக்குள் எடுத்துக்கொள்கிற நேரம் அது. சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருஷமாக அவள் எல்லாவற்றையும் தாமதமாகப் பார்த்து, அதை ஈடுகட்ட முன்னதாக அழுத்தியிருக்கிறாள். தாமதமே இல்லாத திரையின் முன்னால் அந்தக் கை முந்திக்கொண்டுவிட்டது.

பங்காரு விளக்கத்தைக் கேட்டு, “ஆங், அப்படியா?” என்று மட்டும் சொன்னார். அவரும் முதல் ஆட்டத்தில் ஒரு பழைய சாம்பியனிடம் மாட்டித் தோற்றிருந்தார். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் அந்த மேஜையை விட்டு எழவில்லை. அவர் அடித்துக்கொண்டே இருந்தார், அவள் தடுக்கப் பழகிக்கொண்டே இருந்தாள். பொறு, பொறு என்று கைக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பசியோடு சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருந்தது. மதியத்துக்குள் பாதிக்குப் பாதி சரியானது. அதை வைத்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தில் ஒருவனை ஜெயித்துவிட்டாள்.

அதற்கடுத்த ஆட்டத்துக்குப் பெயர் அழைத்தபோதுதான் தெரிந்தது, எதிரே பங்காரு. தோற்பவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்து, மூன்றாவது சுற்றுக்கு வந்தார்கள். பின்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள். வேட்டி கட்டினவரும் முக்காடு போட்ட பெண்ணும் இப்படி ஆடுவதை யாரோ போனில் படம் எடுத்தார்கள். அவள் இன்னும் ஒரு அடி வாங்கினால் போதும், முடிந்துவிடும் என்கிற நிலை. திரையில் பங்காருவின் ஆள் குனிந்தான். அந்த உதை வரப்போகிறது என்று தெரிந்தது. மூன்று வருஷமாக அது கிளம்பியதை அவள் பார்த்ததே இல்லை, விழுந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். இப்போது கால் தரையை விட்டு எழுவது தெரிந்தது. தடுத்தாள். தடுத்த கையோடு மூன்று அடி கொடுத்தாள். ஆட்டம் முடிந்தது.

கூட்டம் கை தட்டியது. பங்காரு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அவள் அதற்கடுத்த ஆட்டத்தில் நன்றாக ஆடி, தோற்றாள். வீட்டுக்கு வந்து அனீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நூற்றிருபது பேர் ஆடினார்களே, அதில் நீ எத்தனாவது என்று அவன் கேட்டான். அதைப் பார்க்கவே மறந்துவிட்டேன் என்றாள். பங்காருண்ணா முகம் சரியாயில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பங்காரு இண்டர்நெட்டில் வரவில்லை. மூன்று வாரம் போனது. கரும்பு வெட்டாக இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தவரையே அதை வைத்து அடித்துவிட்டோமோ என்று குறுகுறுப்பாக இருந்தது. விட்டுக்கொடுத்திருக்கலாமா என்றும் யோசித்தாள். ஆனால் விட்டுக்கொடுத்திருந்தால் அவருக்கு அது உடனே தெரிந்திருக்கும், அதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை என்றும் அவளுக்குத் தெரியும்.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, பங்காரு கடைக்கே வந்தார். கையில் அவருடைய கண்ட்ரோலர். குச்சியைத் தொடாமலேயே திரையில ஆள் தானாக நடக்கிறான், பாருங்க என்று மேஜையில் வைத்தார். அவள் திறந்தாள். உள்ளே குச்சியின் அடிப்பாகம் தேய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டிய பாகம் அவளிடம் இருந்தது. பழையதை எடுத்துவிட்டு, புதியதை வைத்துப் பற்றவைத்தாள். அந்தப் பாகத்தின் கடைசிக் கம்பியைப் பற்றவைக்கும்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

“தோத்ததுக்கு இல்லம்மா. மூணு வருஷமா என் உதையை உங்களால தடுக்க முடியலன்னு நெனச்சினு இருந்தேன். ஊர்ல நாலு பேருகிட்ட சொல்லிகினுகூட இருந்தேன். உங்க டி.வி.தான் தடுக்கல. நான் ஜெயிச்சது உங்களையே இல்லை.”

அவள் சாலிடரிங் இரும்பைக் கீழே வைத்தாள். உடனே சமாதானமாக எதையாவது சொல்லத் தோன்றியது. அவர் சொன்னது நிஜம் என்பதால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“எனக்கும் அப்படித்தாண்ணா. நான் மக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். அது பொய்யின்னு தெரிஞ்சதுல எனக்கு சந்தோஷம். அதே விஷயம் உங்களுக்குக் கஷ்டமாயிடுச்சி. இன்னா பண்றது, ரெண்டும் ஒண்ணாத்தானே வந்துது.”

பங்காரு கண்ட்ரோலரை எடுத்துக் குச்சியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். பிறகு, கண்ட்ரோலர் சரியாச்சான்னு செக் பண்ணணுமே என்றார்.

கடையில் போன் திரைகளைச் சோதிக்க ஒரு சின்ன மானிட்டர் வைத்திருந்தாள். தாமதமே கிடையாது. அனீஸை வீட்டிலிருந்து கன்சோலையும் தகரப் பெட்டியையும் எடுத்துவரச் சொல்லி, மானிட்டரோடு இணைத்து, கல்லாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர் ஏழு, அவள் ஆறு. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். போனை வாங்க வந்த ஒரு அம்மா, முடிச்சிட்டே குடும்மா என்று நின்று பார்த்தார்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமைகளில் பங்காரு வருகிறார். சில நாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரரும் சேர்ந்துகொள்கிறார். சென்னை விழாவின் வெளிச்சமும் கூட்டமும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் தனக்குப் பிடித்தது எதிராளியின் பக்கத்து நாற்காலிதான் என்கிறாள் ஷபீனா. அந்த ஒன்றுக்காகவே வருஷத்துக்கு ஒரு முறை போகலாம் என்கிறாள்.

அந்த உதையில் பாதியை இப்போது அவள் தடுத்துவிடுகிறாள். மீதிப் பாதிக்கும் வழி கிடைத்துவிட்டது. உதைக்குக் கிளம்பும் முன்னால் பங்காரு மூக்கால் லேசாக மூச்சை இழுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அதை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.