திமிங்கலத்தைச் சுத்தி இருபத்திமூணு பேர்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுற ஆளு சார் நான். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நடந்ததைச் சொல்றேன்.

கொட்டகலைக்கு மேல, எங்க தோட்டத்துப் பழைய துரை பங்களாவ இப்ப ஹோட்டலாக்கிட்டாங்க, அங்கதான் நான் தூசி தட்டுறேன். சாப்பாட்டு அறையில ஒரு பழைய படம் தொங்குது. ஒல்லாந்தர் நாட்டுல, அதான் ஹாலந்துல, கரையொதுங்கின திமிங்கலம், தலைப்பக்கம் ஜனம் மொய்க்குது, ஒருத்தன் மேல ஏறிக் கோல் வச்சு அளக்குறான். அந்தக் காலத்துல திமிங்கலம் ஒதுங்கினா கெட்டது வரப்போகுதுன்னு பயந்து இப்படி வரைஞ்சு வைப்பாங்களாம், மேனேஜர் சொன்னாரு. நான் முன்ன தேயிலை மலையில ஆளுங்கள வேலை வாங்குற கங்காணி, ஆளுங்களப் பார்த்தா எண்ணாம இருக்க வராது. இருபத்திரெண்டு பேரு.

இதுக்கு முந்தின கதையையும் சொல்லணும். ஒரு மழைக்காலம், என் சம்சாரம் பார்வதிக்குக் காய்ச்சல். வேலைக்கு வரலன்னா அன்னைக்குப் பேரு விழாம சம்பளம் போயிடுமேன்னு, அவள லயத்துல, எங்க கோடி வீட்டுல படுக்க வச்சிட்டு, காலைப் பெரட்டுல ஆளு எண்ணிக்கை கேட்டப்ப, எங்க கூட்டத்து இருபத்திமூணு பேரும் கொழுந்து மலையில இருக்காங்கன்னு சொல்லிட்டேன். கங்காணிமாருங்க செய்யுறதுதான். அப்புறம் என்னைய டவுனுக்கு அனுப்பிட்டாங்க. பத்து மணிக்கு மண்ணு சரிஞ்சு கொழுந்து மலையையும் லயத்துக் கோடியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருச்சு. ரோடு அடைபட்டு, போனும் எடுபடாம, நான் நடந்து வந்து சேர்றப்ப சாயங்காலம். இருபத்திரெண்டு பேரு தப்பிட்டாங்க, பனியில யாரு எங்க நின்னாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல, பெரட்டுக் கணக்குல ஒரு ஆளு குறையுதேன்னு பகல் பூரா எல்லாரும் கொழுந்து மலையத் தோண்டிட்டு இருந்தாங்க. லயத்துப் பக்கம் ஒரு மம்பட்டிகூட விழல. நான் கத்திக்கிட்டே அங்க ஓடினேன். எடுத்தப்ப உசுரு இல்ல, ஒடம்புல சூடு மட்டும் ஆறல சார். அந்தப் பாவம் என்னோடதுதான்.

போன வருஷ மழையில, மத்தியானம் மூணு மணி, ஜன்னலெல்லாம் பனிமூட்டம். படத்துக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே எண்ணினேன், இருபத்திமூணு. திரும்ப எண்ணினேன், அதேதான். எல்லாரும் தலைப்பக்கம் கூடி நிக்க, வால் பக்கம் தனியா ஒரு பொம்பளை, தலையில துணி போட்டு, திமிங்கலத்தப் பார்க்காம என்னையவே பார்த்துக்கிட்டு. சமையல் வேலை செய்யுற மேரியக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

"இருபத்திரெண்டுதாண்ணே இருக்கு. உக்காருங்க, தேத்தண்ணி கொண்டாரேன்"ன்னுச்சு.

போன்ல படம் புடிச்சேன், அதுலயும் இருபத்திரெண்டுதான். அன்னைக்கு இல்லாத ஆள இருக்குன்னு நான் சொன்னேன், நம்பினாங்க. இப்ப இருக்குற ஆளச் சொன்னா யாரும் நம்புறதில்ல.

மழை நாள்ல மட்டுந்தான் வர்றா, அதே எடம். நம்ம ஊரு குளிருக்கு அந்தக் கண்ணாடி ஐஸா இருக்கும் சார். அவ நிக்கிற எடத்துல மட்டும் விரல வச்சா, காய்ச்சக்காரி நெத்தி மாதிரி இன்னும் சுடுது.