அக்கா ஏறாத கப்பல்

என் வீட்டு மதிலில் இன்று காலை பதினொரு சுவரொட்டிகள் இருந்தன. ஒன்பதில் ஒரே முகம். மற்ற இரண்டில் அந்த முகத்தைத் திட்டும் இன்னொரு முகம். ஒட்டியவர்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அவர்களும் ஒட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம். நான் கோத்தகிரிக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. பால்காரர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை எல்லோருக்கும் இன்னும் நான் ‘சிலோன்காரர்’தான். சிலோன்காரர் மதிலில் யாரும் எதையும் ஒட்டலாம் போலிருக்கிறது.

கிழிக்கலாம் என்று போனேன். மூன்றாவதைக் கிழிக்கும்போது கை நின்றுவிட்டது. பசை ஈரமாக இருந்தது. மைதாமாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் செப்புக்காசை நாக்கில் வைத்ததுபோல ஒரு வாடை. எனக்கு அது நன்றாகத் தெரியும். நானே காய்ச்சியிருக்கிறேன், ஆறு வாளி. அதுவும், வாக்குப்போட எனக்கு உரிமையில்லாத ஒரு நாட்டின் தேர்தலுக்காக.

அது 1977. இலங்கையில் ரத்தோட்டைக் கடைத்தெருவில், என் சிங்களச் சிநேகிதன் ஆரியபாலவின் சைக்கிள் திருத்தும் கடைக்குப் பின்னால் மூன்று கல் வைத்த அடுப்பு. நான் கிண்டுவேன், அவன் விறகு தள்ளுவான். மழை கொட்டும் ஊரில் பசை கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கொள்கை. எனக்கு அப்போது கையில் இந்தியப் பாஸ்போட்டும் அதில் முப்பது நாள் விசாவும் இருந்தன. சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்து, அரசாங்கத்தை மாற்றுவதற்குப் பசை கிண்டிக்கொண்டிருந்த முட்டாளை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

விருந்தாளியானது எப்படி என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில் எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறிப்பதும் செடி கவ்வாத்து வெட்டுவதுமாக அங்கேயே வாழ்ந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். ஒரே அறை, எழுபத்து நான்கு பிள்ளைகள், இரண்டு கரும்பலகை, அதில் ஒன்று உடைந்தது. அறுபத்து நான்கில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது, அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டுவிட்டுச் செத்துப்போனார். அந்த மனு எங்களைத் துரத்தியது. எனக்குப் பாஸ்போட் முதலில் வந்தது. கல்யாணமாகித் தனிக் குடும்பமாக இருந்ததால் அக்காவின் பாஸ்போட் பிறகு வரும் என்றார்கள்.

பாண் ரொட்டி வாங்க விடிய முன்பே வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், எழுபத்து நான்கில், நான் கிளம்பினேன். மாத்தளை ஸ்டேஷனில் என்னை வழியனுப்ப இருபத்து மூன்று பேர் வந்தார்கள். இருபத்து இரண்டு பேர் ஒப்பாரி வைத்தார்கள். அக்கா ஞானம்மா மட்டும் அழவில்லை. மாசிக்கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாகத் திணித்து, “அந்த ஊர்ல இது கெடைக்காதாம்” என்றாள். ராமேஸ்வரத்தில் சுங்கக்காரர் அதை எடுத்துக்கொண்டார். அவருக்கும் கிடைத்திருக்காது போலும்.

கோத்தகிரியில் என் ஆசிரியர் சான்றிதழ் செல்லாது என்றார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் எடைக் குமாஸ்தாவானேன். தருவதாகச் சொன்ன வீட்டுக்கடன் வரவில்லை. தகரக் கொட்டகையில் குளிரில் படுத்துக்கொண்டு, அங்கே அரசாங்கம் மாறினால் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மூன்று வருடம் ஓடியது. இலங்கை வானொலிச் செய்தியை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. தவறவிட்டது இரண்டு நாள், காய்ச்சல்.

ஆரியபால எழுதுவான். சிங்களத்தில் எழுதுவான், எனக்கு வாசிக்க வரும். இந்த முறை பச்சைக் கட்சி வரும், நீலக் கட்சி போகும், உங்கள் ஆட்களைப் பிடித்து அனுப்புவது நிற்கும் என்று எழுதினான். பொய் சொல்கிறவன் இல்லை அவன். நம்பித்தான் எழுதினான்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குப் பாஸ்போட் வந்தது. கப்பல் தேதியும் வந்தது, சித்திரை மாதம். மச்சான் இறந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தாள். வெண்கலப் பானையை விற்றுவிட்டேன், இரண்டு கோழியை அறுக்காமல் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டேன், கடல் அமைதியாக இருக்க வஹகோட்டை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன் என்று எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் உடனே பதில் போட்டேன். கப்பல் ஏறாதே. அரசாங்கம் மாறப்போகிறது. புதுத் தொரை வந்தால் பழைய பத்துச்சீட்டு செல்லாது என்பது உனக்குத் தெரியும்தானே. நாலு மாதம் பொறுத்துக்கொள்.

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நீக்கித் தோட்டத்திலிருந்து வெளியேற்றும் துண்டு. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு தொரை, அதாவது தோட்ட மேலாளர், பொறுப்பேற்றால், முதல் நாள், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், முந்தைய தொரை பத்துச்சீட்டுக் கொடுத்தவர்கள் எல்லோரும் மூட்டையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். புதியவர் அந்தத் துண்டுகளை வாங்கிக் கிழித்துப் போடுவார். எல்லோரும் மாலை போடுவார்கள். நான் பிறந்ததிலிருந்து நான்கு தொரைமாரைப் பார்த்திருந்தேன், நான்கு பேரும் கிழித்தார்கள். ஒரு நாட்டின் அரசாங்கத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். நாலு எழுத்துப் படித்தவன் நான், எழுபத்து நான்கு பிள்ளைகளுக்குக் குடியியல் சொல்லிக்கொடுத்தவன். என் அறிவு பெரட்டுக்களத்தைத் தாண்டவில்லை.

அக்கா கப்பலை விட்டுவிட்டாள். கடலுக்கு நேர்ந்த மெழுகுவர்த்தியை அரசாங்கம் மாறுவதற்கு என்று அந்தோனியாரிடம் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஆனி நடுவில் நான் போய் இறங்கியபோது, விசா முடிந்தும் போகாதவர்களைத் தேடிப் பொலிஸ் வந்துகொண்டிருந்தது. ஜீப் சத்தம் கேட்டால் அவள் தேயிலைச் செடிக்குள் போய்க் குந்திக்கொள்வாள். ஐம்பது நாளில் ஒன்பது முறை அப்படி ஒளிந்ததாகச் சொன்னாள். பாஸ்போட்டைப் பால்மா டின்னில் போட்டு அடுப்பு மேட்டில் வைத்திருந்தாள். “இன்னும் எத்தன நாளு தம்பி?” என்று கேட்டாள். வாக்கெடுப்புக்கு மீதியிருந்த நாளைச் சரியாகச் சொன்னேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இருந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை.

பச்சைக் கட்சிக்காகத் தேர்தலில் நின்ற அபேட்சகர் ஒருநாள் எங்கள் சந்திக்கு வந்தார். ஜீப்பில் நின்றபடி அரை மணி சிங்களத்தில் பேசிவிட்டு, கடைசியில் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “போனவங்க எல்லாம் வரலாம். இருக்கிறவங்க யாரும் போகத் தேவையில்லை.” ஏழே சொற்கள். யாரோ எழுதிக்கொடுத்ததைப் பாடமாக்கியிருந்தார். அந்த ஏழு சொற்களுக்கு நாங்கள் தட்டிய கைதட்டலில் பக்கத்து மரத்திலிருந்த காகம் எல்லாம் பறந்துவிட்டது. அக்கா கையைத் தட்டவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சை வந்தது. ஆறில் ஐந்து பங்கு ஆசனம். ஆரியபால பாற்சோறு கிண்டிக் கடைத்தெரு முழுக்கக் கொடுத்தான். எனக்கு முதல் துண்டு. “மாஸ்டர், இனி பயம் வேணாம். அக்காட பேப்பர் எல்லாம் நான் சரிபண்றது,” என்று தோளைத் தட்டினான். அவன் தமிழ் அப்படித்தான், ஆனால் தட்டிய கை நல்ல கை. மாத்தளையில் ஜெயித்துவிட்ட அபேட்சகர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனான். வாசலில் எங்களுக்கு முன் அறுபத்து நான்கு பேர். இரண்டு நாள் நின்றோம். மூன்றாம் நாள் அவர் காரில் ஏறும்போது ஆரியபால அக்காவின் விபரம் எழுதிய தாளைக் கொடுத்தான். அவர் வாங்கினார், சட்டைப் பையில் வைத்தார். பையில் வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் வாதாடியிருக்கிறேன், என்னோடு நானே.

முப்பதாம் நாள் நான் கப்பல் ஏறினேன். அடுத்த ஆடிக்குள் நானும் நிரந்தரமாக வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். கோத்தகிரிக்கு வந்து பத்தொன்பதாம் நாள் வானொலியில் தமிழர்களுக்கு எதிரான கலவரச் செய்தி கேட்டேன். நகரங்களின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தின் பெயரை எந்த வானொலி சொல்லும்?

மார்கழியில், வவுனியாவிலிருந்து யாரோ எழுதிய கையெழுத்தில் அக்காவின் கடிதம் வந்தது. லயத்தைக் கொளுத்திவிட்டார்கள், டின்னோடு பாஸ்போட்டும் போயிற்று, உயிரோடு இருக்கிறேன். இடையில் ஒரு வரி: ஆரியபால வீட்டுக்கு ஓடினேன், அவன் கதவைத் திறக்கவில்லை.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நான் பதின்மூன்று வருடம் வாழ்ந்தேன். கோத்தகிரியில் யார் கிடைத்தாலும் ஆரியபாலவைப் பற்றிச் சொல்வேன். ஒரே வாளியில் பசை கிண்டினோம், ஒரே தட்டில் பாற்சோறு தின்றோம், கதவைத் திறக்கவில்லை பாருங்கள் என்பேன். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அடுத்தது அபேட்சகர், அவருடைய சட்டைப் பை. இந்த இரண்டு பேரையும் திட்டி முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதற்குமேல் பேச எனக்கு எதுவும் இருந்ததில்லை.

தொண்ணூறில் அக்கா மீன்படகில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தாள். இந்தியப் பிரஜையாகக் கப்பலில் வந்து இறங்க வேண்டியவள், பதின்மூன்று வருடம் கழித்து அதே கரையில் அகதியாக இறங்கினாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து தபாலட்டை வந்தது. போனேன். சந்திக்க இருபது நிமிடம் கொடுத்தார்கள். முடி பாதி வெளுத்திருந்தது. என் கையிலிருந்த பன்னைப் பார்த்துவிட்டு, “எத்தன வாங்குன? எண்ணியிருப்பியே,” என்றாள். எட்டு என்றேன். சிரித்தாள்.

“தோட்டத்துலருந்து வவுனியா. வவுனியாவுலருந்து கிளிநொச்சி. அங்கருந்து மன்னாரு, மன்னாருலருந்து இங்க. நாலு எடம். கணக்கு சரியா மாஸ்டர்?”

 எனக்குப் பழகிப்போன பேச்சுதான் வந்தது. ஆரியபால கதவைத் திறந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

“அவன் பயந்துட்டான். உள்ளுக்குப் புள்ள அழுவுறது எனக்குக் கேட்டுச்சு. பயந்தவன ஏன் திட்டுற? நான் அவன நம்பியா நின்னேன்? ஜீப்புல வந்தவன நம்பியா நின்னேன்? ஒன்னய நம்பித்தானே நின்னேன் தம்பி.”

பிறகு பன்னைப் பிய்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “நீ திரும்பி வர்றதுக்கு அங்க ஒரு காம்பரா வேணும்னு நெனச்ச. அதுக்குக் காவலுக்கு என்னய வச்ச.”

  உண்மை அதுதான். அவளும் வந்துவிட்டால் அந்த மலையில் எனக்கென்று ஒரு வாசல் இருக்காது என்று, தகரக் கொட்டகையில் அந்தக் கடிதத்தை எழுதும்போது நினைத்தேன். அரசாங்கம் மாறும் என்று நம்பினேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு வாடகை கட்டியவள் அவள். என்னை ஏமாற்றியவர்கள் என்று இரண்டு பேரை வைத்திருந்தேன். அவளிடம் ஒருவன்தான் இருந்தான். அவன் பன்னோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு அவளுக்குப் பிரஜாவுரிமையை மீட்க மனு எழுதினேன். பதினான்கு மனு. பாஸ்போட் எரிந்ததற்கு ஆதாரம் என்ன என்று ஒரு பதில் வந்தது, மற்ற பதின்மூன்றுக்கும் பதிலே இல்லை. தொண்ணூற்று நான்கில் அங்கே மறுபடி ஆட்சி மாறியது. சமாதானம் வரப்போகிறது என்றார்கள். எனக்கு மறுபடி அந்தக் காய்ச்சல். பேப்பரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன், இந்த முறை வேறு மாதிரி அக்கா என்றேன். அவள் பேப்பரை வாங்கி முற்றத்தில் விரித்து, அதன்மேல் மிளகாயைக் காயவைத்தாள்.

“யாரு வேணும்னாலும் வரட்டும். நீ யாருக்கும் கடுதாசி எழுதாத,” என்றாள்.

அவள் முகாமிலேயே இறந்தாள். பதிவேட்டில் கடைசிவரை வெளிநாட்டவர்.

இப்போது எங்கள் லயம் இருந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது என்று போய்வந்த ஒருவர் சொன்னார். தலைமன்னார்க் கப்பல் எண்பத்து நான்கிலேயே நின்றுவிட்டது. பெரட்டில் துண்டைக் கிழிக்கும் தொரைமாரும் இல்லை. ஆரியபாலவின் கடை என்ன ஆயிற்று என்று அவர் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கச் சொல்லவில்லை. இத்தனைக்கும் எனக்கு அவன் விலாசம் இன்னும் மனப்பாடம்.

இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அன்று, செத்தவர்களை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குமேல், எனக்கே வெட்கமாக, இனிமேல் மாறும் என்று உள்ளே ஒன்று எழுந்து நின்றது. உடனே அதை யாருக்காவது எழுத வேண்டும் போலிருந்தது. பொறுத்துக்கொள் என்று நான் எழுதினால் அதை நம்பிப் பொறுத்திருக்கக்கூடிய ஒரே ஆள், மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டாள். நல்ல வேளை, அக்கா இல்லை என்று நினைத்தேன்.