ஞானம்மாளின் வியாழக்கிழமை வியாதிகள்

ஞானம்மாளுக்கு வந்த வியாதிகளை வைத்து ஒரு மருத்துவக் கல்லூரியே பாடம் நடத்தலாம். எல்லாமே வியாழக்கிழமை காலையில் வரும், மதியத்துக்குள் போய்விடும். திருவிடந்தைக்குத் தெற்கே எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேமரா இயக்கும் வேலையில் இருந்தவன் நான். அத்தனை வியாதிகளையும் கண்ணால் கண்ட சாட்சி.

ஞானம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஒரே மகன் பூபாலன் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். ஈசிஆர் சாலையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மகனுக்கு வர நேரமில்லை. அம்மா போனாலும் வார்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனவே மகன் ஒரு கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி வீட்டில் வைத்து, “தினம் மூஞ்சியப் பாத்துப் பேசலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வீட்டு நெட்டைப் பற்றி என்ன சொல்ல! போன் லைனில் கிர்ரென்று அழுதுவிட்டுத்தான் வரும். முதலில் தலைமுடி வரும். நெற்றி வருவதற்குள் உலை அரிசி வெந்துவிடும். முகம் முழுதாக வந்ததும் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிடும்.

“ஒரே பேஜாரா கீது தம்பி. கொட்டாவி உட்றானா, அம்மான்னு கூப்புட்றானா, ஒண்ணும் புரியல” என்பார்.

குரல் கேட்கிறதே, போதாதா என்றால் கோபம் வரும். “கொரல வெச்சிகினு இன்னா பண்றது? எளைச்சானா பெருத்தானான்னு கொரல்ல தெரியுமா?”

எங்கள் சுகாதார நிலையத்துக்கோ ராஜயோகம். குழாயில் தண்ணீர் வராது, தையல் போட நூல் இருக்காது. ஆனால் மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை வைத்து, சென்னை டாக்டர்கள் திரையில் தோன்றி வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நெட் பறக்கும். அந்தப் பக்க டாக்டர் மூக்கில் ஈ உட்கார்ந்தால் இந்தப் பக்கம் நாங்கள் விரட்டுவோம். 2006இல் பூபாலனுக்கு அதில் வியாழக்கிழமை முறை விழுந்தது.

சும்மா பார்க்க அனுமதியில்லை. நோயாளிதான் திரைமுன் உட்காரலாம். ஞானம்மாள் யோசித்தார். அந்த வியாழனே முட்டிவலி வந்துவிட்டது.

பூபாலனுக்குப் பின்னால் பெரிய டாக்டர்கள் நடமாடுவார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பது அவன் அம்மா என்று தெரிந்தால் வம்பு. பெற்றவளையே அவன் ‘நீங்க’ என்றான்.

“உங்களுக்கு என்ன செய்யுது?”

“முட்டி வலிக்குது டாக்டர். தூக்கமே இல்ல. ஒனக்குத் தூக்கம் கீதா? கண்ணெல்லாம் உள்ள பூட்டுது.”

“நான் நல்லா இருக்கேன். வலி எப்பலேர்ந்து?”

“கடைசியா நீ வூட்டுக்கு வந்துட்டுப் போனதுலேந்து.”

அடுத்த வாரம் தலைசுற்றல். பிறகு காதில் இரைச்சல், நெஞ்சில் படபடப்பு. மாத்திரைகளை நர்ஸ் ஜாக்குலினிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். உண்மையான நோயாளிகள்கூட இரக்கப்பட்டு வழிவிட்டார்கள்.

கடைசியில் அதுவே வினையானது. ஒரே உடம்பில் இத்தனை நோயா என்று சென்னையில் பூபாலனின் தலைமை டாக்டர் வசுமதி மிரண்டுபோனார். செங்கல்பட்டுக்கு அனுப்பி ரத்தம், ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுக்கவைத்தார். அடுத்த வியாழன் பூபாலனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் திரையில் அவரே உட்கார்ந்தார்.

“சந்தோஷமான செய்திம்மா. உங்களுக்கு ஒரு நோயும் இல்ல. புதுசா ஏதாவது வந்தாலொழிய இனிமே இங்க வரவே வேண்டாம்.”

ஞானம்மாள் ஓவென்று அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஜாக்குலின் கைதட்டினாள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். நான் மட்டும் கேமராவை அணைத்தேன்.

சாயந்திரம் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடி வந்தது, நெற்றி வந்தது. அரைக்கண்ணோடு பூபாலன் உறைந்தான்.

“ரிப்போர்ட் பாத்தேம்மா. நல்லாத்தான இருக்கே?”

“கீறேன்... நல்லாத்தான் கீறேன்.”

“அப்பாடா! அப்ப இந்த மாசமும் வரலம்மா. அடுத்த மாசம் பாக்கலாம்.”

லைன் அறுந்தது. அரைக்கண் மட்டும் திரையில் நின்றது.

மறுநாளிலிருந்து ஞானம்மாள் உழைக்க ஆரம்பித்தார். விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கடற்கரையில் நடந்தார். குச்சி ஐஸ் வண்டிக்காரன் அவர் வாசலிலேயே நிற்கத் தொடங்கினான். ஒரு தும்மல்கூட வரவில்லை. புதன்கிழமை என்னை வழிமறித்தார்.

“தம்பி, நெத்தியத் தொட்டுப் பாரு. சுடுதா?”

தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

“கொதிக்குதும்மா. நாளைக்கு முதல் ஆளா வந்துடுங்க” என்றேன்.