மேல்வீட்டுச் சத்தம்

தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இபோயா கூரையைப் பார்க்கிறாள். மேல்வீட்டில் பெரியவர் லோரின்ஸின் செருப்பு, தரையைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குப் போகிறது. "சோசொக்" என்று முணுமுணுக்கிறாள். எந்தச் சத்தத்துக்கும் ஹங்கேரிய மொழியில் அச்சு அசலாக ஒரு வினைச்சொல் உண்டு. சரியான சொல் வாயில் வந்தால்தான் அவளுக்குத் தையல் ஓடும்.

மிஷ்கோல்ட்ஸ் நகரத்தின் அந்தப் பத்து மாடிக் குடியிருப்பில் சுவரெல்லாம் அப்பளம். தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து "நல்லா இரு" என்று குரல் வரும். லிஃப்டில் பெரியவர் அகப்பட்டால், 'பாச்சி', அதாவது மாமா, என்று கூப்பிட்டு அவள் விசாரணைதான்.

"நேத்து கடகடன்னு என்னமோ உருண்டுச்சே, லோரின்ஸ் பாச்சி?"

"பரண்லேருந்து வால்நட் கொட்டிருச்சும்மா. எத்தனைன்னு எண்ணலியா?"

"நெஞ்சு சரியில்லாத மனுஷன் ஸ்டூல் மேல ஏறலாமா?"

"உன் காதுக்கு ஒரு கதவு போடு தாயே. எனக்கு அதுதான் மருந்து."

கிறிஸ்துமஸுக்கு முன் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது முதல் அவளுக்குப் பயம்தான். மேலே சத்தம் கேட்டால் தொந்தரவு. கேட்காவிட்டால் அதைவிடத் தொந்தரவு.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் காப்பி கலக்கும் நேரம். கரண்டிச் சத்தம் வரவில்லை. கனமாக, மெத்தென்று, ஒரே ஒரு தரம் ஏதோ விழுந்தது. "புஃபன்" என்றது அவள் வாய். சொன்ன பிறகுதான் உறைத்தது. மூட்டை விழுந்தால் சொல்கிற சொல் அது. அவர் வீட்டில் மூட்டை ஏது?

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள். மணி அடித்தாள், மறுபடியும் அடித்தாள். எதிர்வீட்டு வெந்தெல் தலையை நீட்டினான்.

"மக வீட்டுக்குப் போயிருப்பாரு. உனக்கு எப்பவும் சத்தப் பைத்தியம்."

"போனா பூட்ஸ் சத்தம் கேட்டிருக்கும். கேக்கல. வாய மூடுடா, காது குடுக்கணும்."

கதவுக்கு அந்தப் பக்கம், தரையோரமாக, நகம் சுரண்டுவது போல் ஏதோ கேட்டது. நின்றது. மறுபடி சுரண்டியது. அதற்கு என்ன சொல் என்று அவள் தேடவில்லை.

குப்புறப் படுத்தாள். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த தகரக் குப்பியால் கதவின் அடியில் தட்டினாள். அங்கே ஒரு சுரண்டல், இங்கே ஒரு தட்டல். ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே வந்து, "நகருங்கம்மா, கதவ ஒடைக்கணும்" என்று தோளைத் தொட்ட பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.