மணலில் விரித்த வெள்ளை

போன மாதம் ஒரு பொடியன் வீட்டுக்கு வந்தான். பத்திரிகையில் எழுதுகிறவனாம். எங்கள் சின்னமாமாவின் படம் ஒன்று வேண்டும் என்றான். விளையாட்டுக்காக ஆகாயத்திலிருந்து குதித்தவர்களில் இந்தப் பக்கத்தில் அவர்தான் முன்னோடி, அவரை நினைவுகூர வேண்டும் என்றான். படம் இல்லை என்று அனுப்பிவிட்டேன். படம் இருக்கிறது. கொடுக்க மனமில்லை. அவர் உயிரோடு திரிந்தபோது ஊர் அவரை விசரன், பைத்தியம் என்றது. இப்போது முன்னோடியாம்.

சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி. கப்பலில் வேலைக்குப் போனவர் லண்டனில் இறங்கி, அங்கே சனி ஞாயிறுகளில் விமானத்திலிருந்து குதிக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். யுத்தத்துக்காக அல்ல, சம்பளத்துக்காக அல்ல. சும்மா. ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டியில் உடுப்பும் ஒரு பெட்டியில் பரசூட்டும் கொண்டுவந்தார்.

"கலியாணம் கட்டிற வயசிலை உதென்னடா விளையாட்டு? விழுந்தால் என்ன செய்வாய்?" என்று அம்மா கேட்டாள்.

"விழத்தானே அக்கா போறன்."

அவர் சொன்னதை வீட்டில் ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அப்போது நாலாம் வகுப்பு. குதித்தவுடன் பரசூட்டை விரிக்கக் கூடாதாம். கையையும் காலையும் அகட்டிக் கொஞ்ச நேரம் காற்றில் குப்புறப் படுத்திருக்க வேண்டுமாம். விறாந்தையில் படுத்துக் காட்டினார். நானும் பக்கத்தில் படுத்தேன். வயிற்றில் சீமெந்து குளிர்ந்தது.

கடற்கரைக் கோயிலின் தீர்த்தத் திருவிழாவன்று குதிப்பதென்று முடிவு செய்தார். சின்ன விமானம் ஓட்டுகிற சிநேகிதர் ஒருவர் பலாலி விமானத் தளத்திலிருந்து அவரை ஏற்றிவர ஒத்துக்கொண்டார். ஊர் முழுக்கக் கரையில் நிற்கும், ஒருமுறை பார்த்தால் வாயை மூடும் என்று நினைத்தார். பாவம்.

காலையில் வேட்டிகளைத் தைத்து நீட்டிய இரண்டு வெள்ளைகளைக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வெறும் மணலில் விரித்தார். ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. பக்கத்தில் ஒரு தடி நட்டு, அதில் சிவப்பு நாடா கட்டி, என்னை அதனடியில் நிறுத்தினார்.

"நாடா தொங்கிக்கொண்டு நிண்டால் ஒண்டும் செய்யாதை. நேரை நீட்டி நிண்டால் சோழகக் காத்து பலத்திட்டுது எண்டு அர்த்தம். காத்து என்னைக் கடலுக்குள்ளை கொண்டுபோயிடும். உடனை குறுக்கை கிடக்கிறதை இழுத்து எடு. மேலையிருந்து கூட்டல் அடையாளம் தெரிஞ்சால் குதிப்பன். கழித்தல் தெரிஞ்சால் திரும்பிப் போயிடுவன். விளங்கிச்சோ?"

"ஓம் மாமா."

வெயில் ஏறியபோது நாடா மெல்ல எழும்பியது. பிறகு துடித்தது. பிறகு கம்பிபோல் கடலைப் பார்த்து நீட்டி நின்றது. நான் குறுக்கு வெள்ளையைப் பிடித்தேன். அதே நேரம் சுவாமி கோயிலிலிருந்து இறங்கிக் கடலுக்கு வந்துகொண்டிருந்தார். சுவாமி வரும் வழியில் வெள்ளை விரிப்பது எங்கள் ஊர் வழக்கம். யாரோ நேர்ந்து விரித்திருக்கிறார்கள் என்று எண்ணி, தோளில் காவியவர்கள் சுவாமியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடடி! சுவாமிக்கு விரிச்சதிலை கை வைக்கிறியே?"

"இது சுவாமிக்கு இல்லையம்மா, மாமாவுக்கு. எடுக்காட்டில் குதிச்சிடுவார்!"

"இனி இது சுவாமின்ரை. மிதிச்சிட்டுப் போகட்டும். அவனுக்கும் நல்லதுதான்."

அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்குக் காவல் கிடைக்கிறது என்றே நம்பினாள். அதை நினைக்கத்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் வைதுவிட்டுப் போயிருப்பேன்.

விமானத்தின் இரைச்சல் கேட்டது. சுவாமி வெள்ளையைத் தாண்டி அலையில் இறங்கினார். மேளம் நின்றது. அந்த அமைதியில் விமானத்திலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி கழன்றது. அது விழுவதாகத் தெரியவில்லை. வானத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. கையும் காலும் தெரிந்தன. பிறகு சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் வெள்ளையாக ஒன்று விரிந்தது.

காற்று அவரை எங்கள் பக்கம் கொண்டுவந்தது. இறங்கவில்லை, கடந்துபோனார். பரசூட்டின் நிழல் மணலில் ஊர்ந்து, சனத்தின் மேல் ஏறி, சுவாமியின் குடையைத் தடவி, தண்ணீரில் இறங்கியது. அது என் மேல் பட்டபோது வெயிலிலும் உடம்பு கூசியது. சப்பாத்தின் அடி தெரிந்தது. குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கும் மறுக்குமாக வீசினார். ஒருமுறை அல்ல, பலமுறை.

சனம் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி "அரோகரா" என்றது. நான் துள்ளித் துள்ளிக் கையசைத்தேன்.

அவர் வெகுதூரத்தில் தண்ணீரைத் தொட்டார். பரசூட் சரியவில்லை. காற்றில் உப்பிக்கொண்டு, பாய்போல் நிமிர்ந்து, வடக்கே ஓடியது. ஆளில்லாத ஒரு வள்ளம் தானாகப் போவதுபோல இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "உது மனிசன் இல்லையடி, பாராதை" என்று என் கண்ணைப் பொத்தினாள். விரல் இடுக்கால் பார்த்தேன். அது சின்னதாகிச் சின்னதாகிப் போயும் நெடுநேரம் நகர்ந்துகொண்டே இருந்தது.

கரையில் முப்பது வள்ளங்களுக்குக் குறையாமல் கிடந்தன. ஒன்றும் இறங்கவில்லை. சுவாமி கடலாடி ஏறும்வரை வள்ளம் தள்ளக்கூடாது. என்னைப் பெற்ற ஐயா எங்கள் வள்ளத்தின் முன்முனை அணியத்தில் கைவைத்து நின்றார். ஒரு அடி தள்ளினார். யாரோ, "அண்ணை, சுவாமி நிக்கிறார்" என்றான். ஐயா கையை எடுத்துவிட்டார். சுவாமி ஏறிய பிறகு எல்லாரும் போனார்கள். வெறுங்கையோடு வந்தார்கள். தர்ப்பையில் உருவம் செய்து எரித்தோம்.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு கழித்த மறுநாள் காலையில் அம்மா முற்றத்தில் இருந்தபடி, யாரைக் கேட்கிறாள் என்று தெரியாமல், "அவன் கையாலை என்ன காட்டினவன்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் கை காட்டினவர்," என்றேன் நான். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஐயா வலையை விரித்து அறுந்த கண்களை நூலால் பொத்திக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கடலோடியவர். இரண்டு கையும் தலைக்கு மேல் குறுக்கே வீசினால், எங்கள் கடலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தாழுறன், வள்ளம் கொண்டு வா. அன்று கரையில் நின்ற எந்த ஆம்பிளைக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. எனக்குத்தான் அப்போது தெரியாது.

"ஓம் பிள்ளை," என்றார் ஐயா, வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "உனக்குத்தான் காட்டினவர்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் போய் எல்லாருக்கும் சொன்னேன்.