மேலக்காட்டை அழித்த வழக்கு

பத்து வயதில் என் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. போகிற போக்கில் பெரியப்பாவையும் நானே சேர்த்துவிட்டேன். பயந்துவிட்டால் நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல, இன்றும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், நாகலாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வனத்துறை அதிகாரி ஒருவர் மரக்கன்றுகளோடு வந்தார். மேற்கே மலைப்பக்கத்துக்காரர். "காட்டை அழிக்கிறது பெரிய குத்தம். பிடிச்சா நேரா ஜெயில்தான்" என்றார்.

முந்தின நாள் சாப்பிடும்போதுதான் அப்பா அம்மாவிடம், "நாளைக்கு மேலக்காட்டை அழிச்சிரணும்" என்று, ரசம் ஊற்றச் சொல்கிற அதே குரலில் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் காடு என்றால் புஞ்சை. பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடியை, அதாவது பருத்திமாரை, பிடுங்கிப்போட்டு உழுவதுதான் காட்டை அழிப்பது. உலகத்தில் வேறொரு காடும் உண்டு என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு காடுதான் உண்டு என்பது அதிகாரிக்குத் தெரியாது.

"இந்த ஊர்ல காடு இருக்கா?"

"இருக்கு சார்!" என்றது வகுப்பு மொத்தமும்.

"யாராவது அழிக்கிறாங்களா?"

பக்கத்திலிருந்த சித்தி மகன் துள்ளி எழுந்தான். "இவங்க அப்பா இன்னைக்குத்தான் சார் அழிக்காவ!"

"எங்க அப்பா மட்டும் இல்ல சார்! பெரியப்பா போன வாரமே அழிச்சிட்டாவ!" என்று கத்திவிட்டு ஓட்டமெடுத்தேன்.

மேலக்காட்டில் பாதி மாரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். "அப்பா, ஓடிப்போயிருங்க!" என்று அலறியபடியே, பிடுங்கியதை எல்லாம் திரும்ப ஊன்ற ஆரம்பித்தேன். ஆனி மாதக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது வசதியாகப் போயிற்று. வெடிப்புக்கு ஒரு மார்.

"ஏலே, கோட்டி பிடிச்சிருக்கா? நான் பிடுங்கப் பிடுங்க நீ நடுதியே!"

அதற்குள் அதிகாரி பைக்கில் வந்து இறங்கிவிட்டார். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவரைக் காப்பாற்றத்தான் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

"காடு எங்கங்க?"

"இதான் சார்."

அவர் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். ஓரத்தில் ஒற்றை வேலிக்கருவை முள்மரம்.

"மரம் இருக்கிற காடு?"

"அதைக் கேக்கியளா? அது எங்க பூட்டனார் காலத்துலயே அழிச்சாச்சு சார். பேரு மட்டும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு" என்று அப்பா சிரித்தார். மார் பிடுங்க வந்த பெண்களும் சிரித்தார்கள். பூட்டனார் செத்து வெகுகாலம். அவரை ஜெயிலில் போட முடியாது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நான் ஊன்றிவைத்த காய்ந்த மார் வரிசையையே அந்த வெயிலில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவைத்தான் விட்டுவிட்டாரே, பிறகு எதற்கு இவர் முகம் இப்படி வாடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வரிசை கோணலாக இருக்கிறதோ என்னவோ என்று, ஒன்றைப் பிடுங்கி நேராக ஊன்றிவைத்தேன்.